வாகைக்குளம் – சென்னை, மாலை விமானம்

ஜூலை 4, வெள்ளி

காலை எடை அறுபத்து மூன்று கிலோ. நேற்றைவிடக் கூட. உடம்பில் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். நீர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார் ஜெசிந்தா மேடம். ஆஸ்பத்திரியில் மாற்று இதயத்துக்குப் பேர் எழுதி வைத்துக் காத்திருக்கும் எங்களை எல்லாம் கட்டி மேய்ப்பவர் அவர்தான், கோஆர்டினேட்டர். தினமும் எடை, குடித்த தண்ணீர், போன மூத்திரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று சொன்னதும் அவர்தான். நான் அதோடு என் வயிற்றெரிச்சலையும் சேர்த்து எழுதுகிறேன். இங்கே எழுதாவிட்டால் இவரிடம் கத்துவேன். இவரிடம் கத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி. தூத்துக்குடியில் உப்பு கம்பெனி சூப்பர்வைசர். நெஞ்சு வீங்கி, இதயம் கால்வாசி வேலைதான் செய்கிறது. வேறு இதயம் வைக்காவிட்டால் தீபாவளி தாண்டுவது கஷ்டம் என்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதனால்தான் மார்ச் மாதத்திலிருந்து ஊரை விட்டு, பூந்தமல்லியில் ஒற்றை அறையும் ஒரு ஸ்டவ்வுமாகக் கிடக்கிறோம். எப்போது கூப்பிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் எங்கேயும் போகக் கூடாது. கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி.

மதியம் சுரைக்காய்க் கூட்டு, உப்பில்லாமல். வாழ்நாள் முழுக்க உப்பில் நின்ற மனுஷனுக்கு உப்பு ஆகாதாம். சாமிக்குக் கொழுப்பு.

ஜூலை 7, திங்கள்

டிவியில் கோயம்புத்தூர் பைபாசில் பைக் விபத்து, ஒரு பையனுக்குத் தலையில் அடி என்றான். அய்யோ என்று வாய் சொன்னது. மனது அதற்குள், கோயம்புத்தூர், ஒரு மணி பத்து நிமிஷம், சரிவரும் என்று சொல்லிவிட்டது.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வேறு எப்படி இருப்பது? ஒரு நெஞ்சிலிருந்து எடுத்த இதயம் அடுத்த நெஞ்சில் நாலு மணி நேரத்துக்குள் துடிக்க ஆரம்பிக்க வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஊர்களெல்லாம் ஊர்களாகத் தெரிவதில்லை. திருச்சி ஒரு மணி. மதுரை ஒரு மணி பத்து. ஹைதராபாத் ஒன்றேகால். டெல்லி இரண்டே முக்கால், அது ஆகாது. கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் தூத்துக்குடி பீச் ரோட்டில் விமான டிக்கெட் போடும் ஆபீசில் இருந்தவள் நான். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிறவர்களுக்கு நேரம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன பாடம், இப்போது இந்த வேலைக்கு உதவுகிறது.

"என்ன யோசிக்க?" என்று கேட்டார்.

"பாலை உறை ஊத்தணும்னு யோசிக்கேன்" என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டானாம். நல்லது. நல்லதுதான்.

ஜூலை 12, சனி

மாதாந்திரப் பரிசோதனை. ரத்தம் எடுக்க, எக்கோ பார்க்க என்று காலையிலிருந்து மதியம் வரை பெஞ்சில். அங்கே காசிமேட்டு ஸ்டெல்லா அக்கா இருந்தார், மகன் ரீகனோடு. பையனுக்கு இருபத்து நாலு வயது. மீன் பிடிக்கப் போட்டில் போய்க்கொண்டிருந்தவன், காய்ச்சல் வந்து இதயம் கெட்டுப்போனதாம். அவனும் இவரும் ஒரே ரத்த குரூப், ஏறக்குறைய ஒரே எடை. பட்டியலில் இவர் முதலில், அவன் அடுத்து. யாரும் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெஞ்சில் உட்காருகிற பொம்பளைகளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

"இன்னா கனி, துன்னியா? சங்கரா மீன் கொழம்பு கொண்டாந்துக்கறேன். உன் வூட்டுக்காரருக்கு உப்பு இல்லாம தனியா எடுத்து வச்சுக்கறேன், பாரு" என்றார் ஸ்டெல்லா அக்கா. என் பெயர் சந்தனக்கனி. அவருக்கும் முதல் நாளிலிருந்தே கனிதான்.

எனக்கு அந்தக் குழம்பை வாங்கப் பிடிக்கவில்லை. இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இடம் இவள் பிள்ளைக்குத்தானே என்று ஒரு எண்ணம். அந்தப் பையன் அதற்குள் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பளத்தில் எப்படித் தண்ணீர் பாய்ச்சுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இவருக்கு வாயெல்லாம் பல். ஆறு மாதமாக யாரும் இவரிடம் இவர் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. நான் உட்பட.

குழம்பை வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். மத்தியானம் நான் துணி காயப் போடப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஊறுகாய் வாங்கி நக்கியிருக்கிறார். விரலில் எண்ணெய். கேட்டால் இல்லை என்கிறார்.

"ஏங்க, என்னைத் தாலியறுக்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு இருக்கீயளா?"

"நாக்குக்கு ஒரு ருசி வேண்டாமாளா? செத்த சவம் மாதிரி எத்தனை நாளைக்குத் திங்க?"

தட்டை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. பிறகு நான் தான் போய்க் கையைக் கழுவிவிட்டேன். விரல்கள் வீங்கி மோதிரம் இறங்கவில்லை. அழுதுவிட்டேன். சமாதானமாக இவர் என் தலையைத் தட்டிக்கொடுத்தார். தட்டவும் மூச்சு வாங்குகிறது இவருக்கு.

ஜூலை 18, வெள்ளி

எடை கூடிவிட்டது. ஊறுகாய்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்றுக் காலை குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். கதவைத் தாழ் போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், நல்லவேளை போடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். கூப்பிடுவோம், தயாராக இருங்கள் என்றார்கள். தயாராகத்தான் இருக்கிறோம். பையில் லுங்கி, துண்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வைத்து நாலு மாதம். வாரத்துக்கு ஒருமுறை அந்தத் துண்டை எடுத்துத் துவைத்துத் திரும்ப வைக்கிறேன்.

வரும் வழியில் ஆட்டோவில் இவர் சொன்னார்: "எனக்கு எதாவது ஆச்சுன்னா இங்கன எரிச்சுராத. நம்ம ஊருக்கு, ஏரலுக்கே கொண்டு போயிரு."

"யாரு கொள்ளி வைக்க? பிள்ளையா குட்டியா இருக்கு நமக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திவிட்டது. இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏரல் பெரியப்பாவுக்கும் பிள்ளை இல்ல. நான் இருக்கேன்ல. அப்படி யாராவது வருவான்" என்றார்.

ஜூலை 26, சனி

அந்தப் பெரியப்பா இன்று காலை ஏரலில் போய்விட்டார். ஆறுமுகநயினார் மாமா. இவருக்கு மூன்று வயதில் அப்பா போனதும் தூக்கி வளர்த்தவர். படிக்க வைத்தது, உப்பு கம்பெனியில் சேர்த்துவிட்டது, என்னைப் பெண் கேட்டு வந்தது எல்லாம் அவர். அவருக்கு ஆண் வாரிசு இவர் ஒருவர்தான்.

"நான் போகணும்" என்றார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு அங்கிட்டுப் போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னாவ."

"தெரியும்ளா. நான் போகணும்."

"சுடலைமுத்து வைக்கட்டும். அவன் பங்காளிதானே."

"அவன் கொள்ளி வச்சா நான் இருந்தும் செத்தவன்தானே."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மாத்திரையும் வேண்டாமாம். மாத்திரை போடாமல் ஒரு நாள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து மாமாவின் சம்சாரம் பெரிய அத்தை போன் பண்ணி, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் போட்டு வைக்கோம், அவன் வரட்டும்" என்று அழுதார்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரோட்டில் போனால் அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம், அதை மறந்துவிடலாம். விமானத்தில் சென்னையிலிருந்து எங்கள் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் ஒன்றரை மணி நேரம். வாகைக்குளத்திலிருந்து ஏரல் அரை மணி. காலை விமானத்தில் போய், மத்தியானம் எடுத்ததும், மாலை விமானத்தில் திரும்பிவிடலாம். ஒரு பகல்தான். நாலு மாதமாக வராத போன் அந்த ஒரு பகலிலா வரப்போகிறது? அப்படியே வந்தாலும் இதயம் எந்த ஊரிலிருந்தோ வர வேண்டும், அது வருகிற நேரத்துக்கு நாமும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். இந்தக் கணக்கில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

ஜெசிந்தா மேடத்திடம் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். டிக்கெட் போட்டுவிட்டேன். இவர் எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரசம் சாதம் சாப்பிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

வாகைக்குளம் விமான நிலையம். மணி நாலு. இவர் மொட்டைத் தலையோடு பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். எழுதாவிட்டால் இங்கேயே வாய்விட்டுக் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எட்டரைக்கெல்லாம் ஏரல். இவரைப் பார்த்ததும் பெரிய அத்தை கட்டிக்கொண்டு அழுதார். நாசுவர் வந்து இவருக்கு மொட்டை போட்டார். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகும்போது சுடலைமுத்து இவர் கையைப் பிடித்துக்கொண்டான். பதினோரு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். பொம்பளைகள் நாங்கள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டோம். அதற்கு மேல் பொம்பளைகள் போகிற வழக்கம் எங்களில் இல்லை.

வீட்டைக் கழுவிவிட வாளியை எடுத்தேன். போன் அடித்தது.

"கனி மேடமா? ஜெசிந்தா பேசறேன். ஹார்ட் ஒண்ணு வந்திருக்கு. உங்க சாருக்குத்தான் ஃபர்ஸ்ட். அவர் ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்ல மேடம்." உண்மை. கொள்ளி வைப்பவர் சாப்பிடக் கூடாது.

"சூப்பர். எங்க இருக்கீங்க?"

"வீட்ல தான் மேடம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. "ஒன்றரைக்குள்ள வந்துடுங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணணும்" என்று வைத்துவிட்டார். வாளியைப் போட்டேன். மத்தியான விமானம் ஒன்று உண்டு, பன்னிரண்டு ஐம்பது. அதைப் பிடித்தால் இரண்டரைக்குச் சென்னை, மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. டிராபிக், பஞ்சர் என்று எதையாவது சொல்லி மூன்றரை வரை இழுத்துவிடலாம். செருப்பைக்கூடப் போடவில்லை, சுடுகாட்டைப் பார்த்து ஓடினேன். பின்னால் பெரிய அத்தை, "ஏட்டி கனி, எங்க போற, பொம்பளைக்கு அங்கன என்ன சோலி" என்று கூப்பிட்டார்.

ஆற்றங்கரை வரப்பில் சுடலைமுத்து மறித்துக்கொண்டான்.

"மதினி, இங்கன வரப்படாது."

"ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துருக்கு. அவியளக் கூப்பிடு."

"குடம் எடுத்துட்டாவ. இந்தா முடிஞ்சிரும். பத்து நிமிஷம் பொறுங்க."

அங்கிருந்தே தெரிந்தது. இவர் தோளில் தண்ணீர்க் குடம். பின்னால் ஒருவர் அரிவாளால் குடத்தில் ஓட்டை போட, தண்ணீர் ஒழுக ஒழுக இவர் சிதையைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு மூலைக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கிறார். யாரோ தாங்கப் போனார்கள், வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கத்தியிருந்தால் கேட்டிருக்கும். அவ்வளவு பக்கம்தான். கத்தவில்லை. எனக்கே ஏன் என்று தெரியவில்லை. மார்ச்சிலிருந்து படுத்த படுக்கையில் பார்த்த மனுஷன், ஒரு வேலையை முழுசாகத் தன் கையால் செய்துகொண்டிருந்தார். குடத்தைக் கீழே போடு, உனக்கு வேறு யாரோ செத்திருக்கிறார்கள், வா என்று எப்படிச் சொல்வது?

பத்து நிமிஷம் என்றது நாற்பது நிமிஷம் ஆனது. விறகு ஈரம். நான் வரப்பில் நின்று பழைய ஆபீஸ் மாரிராஜுக்குப் போன் போட்டேன். "அக்கா, கவுண்டர் மூடப் போறாவ. நீங்க ஏரல்ல இருந்து பறந்தாலும் முடியாது. இனி சாயங்காலம் அஞ்சு மணி ஃபிளைட்டுதான்" என்றான்.

இவர் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. "என்ன, இங்கன வந்து நிக்க?" என்றார். "உங்களுக்கு எதும் ஆயிருமோன்னு பயந்துட்டேன்" என்றேன். "ஒண்ணும் ஆகல பாரு" என்றார்.

ஒன்றேகாலுக்கு மறுபடியும் ஜெசிந்தா மேடம். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். போரூரில் டிராபிக் என்றேன். வைத்த கையோடு ஸ்டெல்லா அக்கா போன்.

"கனி, எங்கள ஸ்பேரா கூப்ட்டுக்கறாங்க. உன் வூட்டுக்காரருக்கு எதுனா சரிப்படலன்னா இவனுக்காம். கீழ ஒக்காந்துக்கறோம். காலைலேந்து பையன் பச்சத்தண்ணி குடிக்கல. நீ ஒண்ணும் நெனச்சுக்காத. கர்த்தர் உங்களுக்குத்தான் குடுத்துருக்காரு. எங்கள பாக்கும்போது சங்கடப்படாத, சொல்லத்தான் போட்டேன்."

நான் "சரிக்கா" என்றேன்.

இரண்டு மணிக்கு ஜெசிந்தா மேடத்தின் குரல் மாறிவிட்டது. "கனி, எங்க இருக்கீங்க? டோனருக்குத் தியேட்டர்ல ஆரம்பிக்கப் போறாங்க. நீங்க வர்றது கன்ஃபார்ம்னா நான் இவங்கள வீட்டுக்கு அனுப்பணும். பையன் சோர்ந்து போயிட்டான், சாப்பிடணும். அனுப்பிடட்டுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அஞ்சு மணி விமானத்தைப் பிடித்து ஏழரைக்குப் போய் நின்றால் என்ன செய்துவிடுவார்கள்? வேறு ஆளில்லை என்றால் எங்களுக்குத்தானே வைத்தாக வேண்டும். இப்படித்தான் நினைத்தேன். மறைத்து என்ன பிரயோஜனம். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். போனில் பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அந்தப் பையனின் இருமல் எனக்குத் தெரியும். இவருக்கும் அதே இருமல்தான்.

"அனுப்பாதீங்க மேடம்" என்றேன். "நாங்க ஊர்ல இருக்கோம். ஏரல்ல."

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மாலை விமானம், ஏழரைக்கு வந்துவிடுவோம், கொஞ்சம் மட்டும் பொறுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

"ஹார்ட் வர்றப்போ பேஷன்ட் வாசல்ல வந்து நின்னா முடியாதுமா. அது வர்றதுக்கு முன்னாடியே நெஞ்சத் திறந்து வச்சிருக்கணும். இது தெரியாதா உங்களுக்கு?" என்றார். தெரியாது. இதயம் எந்த ஊரிலிருந்து எத்தனை நிமிஷத்தில் வரும் என்று எல்லா ஊருக்கும் கணக்குப் போட்டவளுக்கு இது தெரியாது. "நீங்க இப்பவும் சொல்லாம இருந்திருந்தா, அது யாருக்குமே இல்லாம வீணாப் போயிருக்கும். புரியுதா?"

"பேரை எடுத்துராதீங்க மேடம்."

"கமிட்டில பேசணும். என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டார்.

கொல்லைக் குழாயில் முகத்தைக் கழுவினேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்றைக்கு, அதனால்தான் உனக்கு வந்தது போனது என்று சொன்னால் இந்த இதயம் அதைத் தாங்குமா? நான்தான் டிக்கெட் போட்டேன். நானே வைத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் முன்னால் கழிவறைக்குப் போகப் போனை இவர் மடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இவர் யாரிடமோ பேசி முடித்திருந்தார். யார் என்றேன். "ராங் நம்பர்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். களைத்துப் போயிருக்கிறார். கூப்பிடுகிறார்கள், விமானத்துக்குப் போக வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

எடை அறுபத்து நாலு. மூச்சு வாங்கல் கூட. காலையில் ஓட்ஸ் கஞ்சி. சாவு வீட்டுத் துணியெல்லாம் அலசிப் போட்டேன். ஜெசிந்தா மேடம் இன்னும் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிடத் தைரியம் இல்லை.

நேற்று விமானத்தில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

சின்ன விமானம், பின் கதவு வழியாக ஏற வேண்டும். எங்களுக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. இவர் நடைபாதை ஓரத்தில், நான் ஜன்னலில். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் கதவை மூடவில்லை. வெளியே ஓடுபாதைப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கு சுழல வந்து நின்றது. முன்னால் போலீஸ் ஜீப். பச்சை உடுப்பில் இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். நடுவில் ஒரு நீலப் பெட்டி. கடையில் ஐஸ் போட்டு மீன் வைப்பார்களே, அந்த மாதிரிப் பெட்டி.

எனக்குத் தெரிந்துவிட்டது. திருநெல்வேலியாகத்தான் இருக்கும். அங்கிருந்து வாகைக்குளத்துக்கு ரோட்டை அடைத்து விட்டால் அரை மணி. நாலு மாதமாகக் கோயம்புத்தூர், மதுரை, ஹைதராபாத் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தை ஒரு நாளும் எண்ணவில்லை.

நடைபாதை குறுகல். பெட்டியைத் தூக்கி வந்தவர் "கொஞ்சம், கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே போக, அது இவர் தோளில் உரசியது. இவர் ஒதுங்கி வழிவிட்டார். முதல் வரிசை இருக்கையில் பெட்டியை வைத்து, ஆளுக்குப் போடுவது போல பெல்ட் போட்டார்கள். கதவை மூடினார்கள்.

ஒன்றரை மணி நேரம். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எழுந்து ஓடி அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இது எங்களுடையது, எங்கள் பேர்தான் முதலில் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் இறக்கிவிடுவார்கள். கத்தாமல் இருந்தால் மட்டும் என்ன? ஒரே விமானத்தில், ஒரே நேரத்தில், அதே ஊருக்குப் போகிறோம். இவரை அங்கே கொண்டு போய்ச் சேர்க்க எந்த விமானம் வேண்டுமோ அதில்தான் இருக்கிறோம். அப்படியும் பிந்திவிட்டோம். தண்ணீர் கொடுத்தார்கள். இவர் அளவு பார்த்துப் பாதி குடித்து மீதியை என்னிடம் கொடுத்தார்.

விமானம் தரையிறங்கியதும் விமானி பேசினார். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். இந்த விமானத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றும் இதயம் வந்திருக்கிறது, மருத்துவக் குழு இறங்கும் வரை அனைவரும் அமர்ந்திருக்க வேண்டுகிறோம் என்றார். முன்னால் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும். சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

இவரும் தட்டினார். வீங்கிய விரல்கள், சத்தமே வரவில்லை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"தட்டு, கனி" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"தட்டுளா. நம்ம ரீகன் நல்லா இருக்கட்டும்."

திரும்பினேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. வருகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. கோபம் இல்லை. நான் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராங் நம்பர் என்றாரே, அது ஸ்டெல்லா அக்காதான். நீங்கள் ஏன் இன்னும் வரவில்லை, எங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று கேட்டிருப்பார். இவர் என்ன பதில் சொன்னாரோ. அங்கேயே எல்லாம் தெரிந்து, விமானம் ஏறி, அந்தப் பெட்டிக்கு வழிவிட்டு, ஒன்றரை மணி நேரம் என் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

பெட்டி மறுபடியும் எங்களைத் தாண்டிப் பின் கதவுக்குப் போனது. இவர் அது போகும்வரை தட்டிக்கொண்டிருந்தார். நானும் தட்டினேன்.